நாலு புது டயர்

நாலு புது டயர், எழுநூற்று இருபது வெள்ளி.
அலைன்மெண்ட் வேண்டாம், காசு மிச்சம் என்றது இவர்தான்.
டயரில் ரப்பர் மயிர்கூட உதிரவில்லை.
பகாவ் சமிக்ஞை விளக்கைத் தாண்டியதுமே
சாகா இடப்பக்கம் இழுத்தது.
பழைய டயர் மொட்டையாக இருந்தும்
நேராகத்தான் போனது.
அதுதான் எனக்கு எரிச்சல்.

ரோடே அந்தப் பக்கம் சரிவு,
மழைத்தண்ணீர் வடியப் போட்டது,
எல்லாக் காடியும் கொஞ்சம் சாயும் என்றார்
ரேடியோவைத் திருகிக்கொண்டே.
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
கையை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று.
நான்கு சொல்வதற்குள் புல்லில் இருந்தோம்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது.

டயர்க்கடை சியோங் முதலில் காற்றுப் பார்த்தார்.
நாலிலும் சரியாக இருந்தது.
பிறகு முன்டயர் இரண்டையும் இடம் மாற்றினார்.
"இப்ப வலப்பக்கம் இழுத்தா டயர் மேல குத்தம்.
இன்னும் இடப்பக்கமே இழுத்தா
டயர் பாவம், அத விட்டுடு.
ஓட்டிட்டு வா தங்கச்சி."
தமிழ் அவருக்கு என் மாமியாரைவிடத் தெளிவாக வரும்.
பெட்ரோல் நிலையம் வரை போய்த் திரும்பினேன்.
இடப்பக்கமே.

காடியைத் தூக்கி, டார்ச் அடித்து,
ஸ்பேனரால் எதையோ தட்டினார்.
"லோவர் ஆம் வளஞ்சிருக்கு. பழைய அடி,
துரு ஏறிப்போச்சு.
எந்த லோங்காங்ல விட்டீங்க?"
"விடலையே" என்றேன், சத்தியமாக.
இரண்டு வருசமாக நான்தானே ஓட்டுகிறேன்,
கோலப்பிலா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்.
எனக்கு ஆலை வேன் போதும் என்று
சாவியைக் கொடுத்தவர்
சுவரில் இருந்த சீனக் காலண்டரை
ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.
இவருக்குச் சீனம் தெரியாது.

குவியலிலிருந்து பழைய டயரை உருட்டி வந்தார் சியோங்.
வெளி ஓரம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி.
"கோணக் காலுக்குத் தேஞ்ச செருப்பு.
பாதிய இது தாங்கிடுச்சு.
மிச்சத்த யார் கை புடிச்சிச்சோ."

லோவர் ஆம், கூலி, அலைன்மெண்ட்,
எல்லாம் சேர்த்து இருநூற்று முப்பது.
பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.
கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில்
அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்,
"பன்னி குறுக்க வந்துச்சு."
"எங்க?"
"ரொம்பின் ரோட்டுல. ராத்திரி.
அந்தத் தீபாவளிக்கு அப்புறம்."

ஆலை ரொம்பின் ரோட்டில் இல்லை.
அந்த ரோடு கெமாஸுக்குப் போகும்,
கெமாஸில் ஜொகூர் ரயில் நிற்கும்.
அந்த வாரம் பின்பெட்டியில் கிடந்த
இவருடைய நல்ல சட்டைகள் மூன்றை
யார் எதற்கு வைத்தார்கள் என்று யோசிக்காமல்
துவைத்து மடித்தது நான்.

பன்றி என்ன ஆனது என்று மட்டும் கேட்டேன்.
"அது பாட்டுக்குப் போயிடுச்சு."
கொஞ்ச தூரம் கழித்து,
"நான் திரும்பிட்டேன்."

தோட்டத்து நேர்ரோடு வந்ததும்
மறுபடி கையை விட்டேன்.
ஒன்பது வரை எண்ணினேன், காடி அசையவில்லை.
பிடித்தேன். உடனே நடுக்கோட்டை நோக்கிச் சரிந்தது.
"இப்ப வலப்பக்கம் போகுது பூங்கொடி,
திருப்பு, கடைக்கே போயிடலாம்."
"காடி இல்ல" என்றேன். "என் கை."

ரேடியோவில் யாரோ யாருக்கோ
பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும்
ஒருதரம் வரச் சொல்லியிருக்கிறார் சியோங்,
நட்டெல்லாம் மறுபடி முறுக்க வேண்டுமாம்.